தப்பைச் சொல்ல ஆளில்லாத மேதை: சோஃபி ஜெர்மைன்

இன்னைக்கு கதையை ஒரு பரிசளிப்பு விழாவுல இருந்து ஆரம்பிக்கலாம்.

1816 ஜனவரி 8. பாரிஸ். பிரான்ஸ் நாட்டு அறிவியல் கழகம் ஒரு தங்கப் பதக்கம் கொடுக்கப் போகிறது. போட்டி அறிவித்து ஆறேழு வருஷம் ஆச்சு. ரெண்டு தடவை கெடுவைத் தள்ளிப்போட்டாச்சு. கடைசியில ஜெயித்தது ஒரு பெண். இந்தக் கழகத்தோட பரிசு ஒரு பெண்ணுக்குப் போவது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அரங்கத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். அந்தப் பெண்ணை ஒரு தடவை நேரில் பார்க்கத்தான் இத்தனை பேர் வந்திருக்காங்கன்னு அப்போதைய பத்திரிகை ஒன்று எழுதியது.

ஆனா அவர் வரவே இல்லை.

அவர் பெயர் சோஃபி ஜெர்மைன். அவர் கதையை வழக்கமா எப்படிச் சொல்வாங்கன்னா, "தடைகளைத் தாண்டிச் சாதித்த பெண்" அப்படின்னு சொல்லி முடிச்சிடுவாங்க. அது பொய் கிடையாது. ஆனா அப்படிச் சொல்லும்போது ஒரு கேள்வி விட்டுப்போகுது. தாண்டினார், சரி. அந்தத் தடைகள் அவர்கிட்ட இருந்து எதை எடுத்துக்கிட்டது? புத்தகங்களையா? இல்லை, அதெல்லாம் அவருக்குக் கிடைச்சது. நேரமா? அதுவும் இருந்தது. அவருக்குக் கிடைக்காத ஒரே விஷயம் ரொம்பச் சாதாரணமானது. பக்கத்துல உட்கார்ந்து, "இந்த வரி தப்பு, திரும்பப் பாரு"ன்னு சொல்ற ஒரு ஆள்.

அந்த ஒண்ணு இல்லாம ஒரு பெரிய மூளைக்கு என்ன ஆச்சு? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

மெழுகுவர்த்தியைப் பிடுங்கின வீடு

சோஃபி பிறந்தது 1776 ஏப்ரல் 1, பாரிஸில். அப்பா வசதியான வணிகர். 1789ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது சோஃபிக்கு வயசு 13. அப்பா அரசியலில் இருந்தார். சாதாரண மக்கள் தரப்புப் பிரதிநிதியாகத் தேர்வாகியிருந்தார். தெருவில் கலவரம். பெண்பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கணும். சோஃபி அப்பாவோட புத்தக அறைக்குள் போய் உட்கார்ந்துக்கிட்டார்.

அங்கே கணித வரலாறு பற்றி மோந்துக்லா எழுதின புத்தகம் ஒன்று இருந்தது. அதுல ஆர்க்கிமிடீஸ் செத்துப்போன கதை வருது. ஊரை எதிரிப்படை பிடிச்சிட்டது. ஒரு சிப்பாய் முன்னால வந்து நிற்கிறான். ஆர்க்கிமிடீஸ் வரைபடத்தில் இருந்து தலையைத் தூக்கலை. சிப்பாய் வெட்டிட்டான். இதைப் படிச்ச 13 வயசுப் பெண், உயிரையே மறக்க வைக்கிற அளவுக்கு அந்த வரைபடத்துல அப்படி என்னதான் இருக்குன்னு யோசிச்சார். ஊரே உயிர் பயத்தில் இருந்த நேரத்தில் அவருக்கு அந்தக் கேள்வி ஏன் ஒட்டிக்கிச்சுன்னு புரிஞ்சுக்க முடியுது.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கலை. பெண்ணுக்குக் கணக்கு எதுக்கு? ராத்திரி படிக்கக் கூடாதுன்னு மெழுகுவர்த்தியை எடுத்தாங்க. கணப்பு நெருப்பை அணைச்சாங்க. கதகதப்பான உடுப்பைக்கூட எடுத்து வெச்சிட்டாங்க. அவர் ஒளிச்சு வெச்ச மெழுகுவர்த்தியை ஏத்தி, போர்வையைச் சுத்திக்கிட்டு, மை உறைஞ்சுபோகிற குளிரில் படிச்சார். இதை எழுதி வைத்தது அவரை நேரில் அறிந்த லிப்ரி என்ற கணிதவியலாளர், தன்னோட இரங்கல் குறிப்பில். கடைசியில் வீட்டார் விட்டுக்கொடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அப்பா அவரைக் கடைசிவரை தாங்கினார். சோஃபி கல்யாணம் பண்ணிக்கலை, வேலைக்கும் போகலை. வாழ்நாள் முழுக்கக் கணக்கு மட்டும்தான்.

மிஸ்டர் லெ ப்ளாங்க்

1794ல் பாரிஸில் எகோல் பாலிடெக்னிக் தொடங்கினாங்க. அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கணிதவியலாளர்கள் பாடம் நடத்தின இடம். சோஃபிக்கு 18 வயசு, படிக்கச் சரியான வயசு. ஆனா பெண்களுக்கு அனுமதி கிடையாது.

வகுப்புக்குள் போக முடியலைன்னா என்ன, பாடக்குறிப்புகளை வாங்கிப் படிக்கலாமே? அப்படித்தான் செய்தார். அங்கே பாடம் முடிஞ்சதும் மாணவர்கள் தங்கள் கருத்துகளை எழுதிப் பேராசிரியருக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. சோஃபியும் எழுதிக் கொடுத்தார், லெ ப்ளாங்க் என்ற ஆண் பெயரில். அதைப் படிச்சவர் லக்ராஞ்ச். சாதாரண ஆள் இல்லை, அந்தக் காலத்தின் முதல் வரிசைக் கணித மேதை. யாருப்பா இந்த லெ ப்ளாங்க்னு அவர் விசாரிச்சார். உண்மை தெரிஞ்சதும் நேரில் வந்து பாராட்டினார்.

கதை இதோட முடிஞ்சிருந்தா சினிமா மாதிரி இருந்திருக்கும். ஆனா லக்ராஞ்ச் பாராட்டினதும் சோஃபிக்கு வகுப்பில் இடம் கிடைச்சதா? இல்லை. ஊரில் பேச்சு பரவியது, பெரிய மனுஷங்க வேடிக்கை பார்க்க வந்தாங்க. 1797ல் லாலாந்து என்ற புகழ்பெற்ற வானியலாளர் வந்தார். அவர் பெண்களுக்காகவே எளிமையா ஒரு வானியல் புத்தகம் எழுதியிருந்தார். முதல்ல அதைப் படிக்கணும்கிற மாதிரி ஏதோ சொல்லப்போக, சோஃபிக்குக் கோபம் வந்துட்டது. அடுத்து லாலாந்து மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாப் போச்சு. கவனிங்க, பாராட்டு கிடைக்குது, மரியாதை கிடைக்குது, ஆச்சரியப்படறாங்க. ஒழுங்கா, வரிசையா, அடிப்படையில இருந்து யாரும் சொல்லிக்கொடுக்கலை.

காஸ் அனுப்பின திருத்தம்

1801ல் ஜெர்மனியில் காஸ் எண் கோட்பாடு பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அன்றைக்கு அதை முழுசாப் புரிஞ்சுக்கிட்டவங்க ஐரோப்பா முழுக்கத் தேடினாலும் கொஞ்சம் பேர்தான். சோஃபி அதுல மூழ்கிட்டார். 1804ல் காஸுக்கே கடிதம் எழுதினார். பெயர்? மறுபடியும் மிஸ்டர் லெ ப்ளாங்க்.

1806. நெப்போலியனின் படை ஜெர்மனிக்குள் நுழையுது. காஸ் இருந்த பிரவுன்ஷ்வைக் ஊரையும் பிடிச்சாச்சு. சோஃபிக்கு ஞாபகம் வந்தது ஆர்க்கிமிடீஸ். குடும்ப நண்பரான பெர்னெட்டி பிரெஞ்சுப் படையில் தளபதியா இருந்தார். காஸுக்கு ஒண்ணும் ஆகாமப் பார்த்துக்கச் சொல்லி அவருக்கு எழுதினார். தளபதி ஒரு அதிகாரியை அனுப்பினார். அதிகாரி காஸ்கிட்ட போய், "பாரிஸில் இருக்கிற சோஃபி ஜெர்மைன் கேட்டுக்கிட்டதால வந்தேன்"னு சொன்னா, காஸுக்கு ஒண்ணும் புரியலை. அப்படி யாரையும் அவருக்குத் தெரியாதே!

அதுக்கப்புறம் 1807 பிப்ரவரியில் சோஃபி உண்மையை எழுதினார்: லெ ப்ளாங்க் நான்தான்னு. காஸ் பதில் எழுதினது அதே வருஷம் ஏப்ரல் 30, அவரோட பிறந்தநாள் அன்றைக்கு. ஒரு பெண், சமூகம் போட்ட இத்தனை முட்டுக்கட்டைக்கு நடுவில் இந்தத் துறையின் ஆழத்துக்குப் போயிருந்தா அவருக்கு அபாரமான துணிவும் திறமையும் இருக்கணும் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். இந்தப் பகுதியை எல்லாரும் எடுத்துச் சொல்வாங்க.

எனக்கு முக்கியமாப் படறது அதே கடிதத்தில் இருக்கிற இன்னொரு பகுதி. சோஃபி ஒரு கூற்றைச் சரின்னு நினைச்சு எழுதியிருந்தார். சுருக்கமாச் சொன்னா, ரெண்டு எண்களின் பதினோராம் அடுக்குகளைக் கூட்டினா ஒரு குறிப்பிட்ட வடிவம் வருதுன்னா, அந்த ரெண்டு எண்களை நேரடியாக் கூட்டினாலும் அதே வடிவம்தான் வரும் என்கிற மாதிரி. காஸ் அது தப்புன்னு சொன்னார். சும்மா சொல்லலை, உதாரணம் கொடுத்தார்: 15, 8. இந்த ரெண்டின் பதினோராம் அடுக்குகளைக் கூட்டினா அந்த வடிவம் வருது. ஆனா 15 + 8 = 23. அதுல அந்த வடிவம் வரலை. அவ்வளவுதான், முடிஞ்சது.

கணக்கு படிக்கிற யாருக்கும் தெரியும், இதுதான் உண்மையான மரியாதை. ஒரு ஆளை உட்கார வெச்சு, அவர் வேலையைப் படிச்சு, "இங்கே ஓட்டை இருக்கு, பாருங்க"ன்னு சொல்றது. சோஃபிக்கு அப்போ வயசு 31. இதுபோல இன்னும் இருபது கடிதம் வந்திருந்தா?

வரலை. காஸ் கோட்டிங்கனில் வானியல் பேராசிரியர் ஆனார், வேற வேலைகள் வந்தது. 1808க்கு அப்புறம் அவர்கிட்ட இருந்து பதில் நின்னுபோச்சு.

மணல் போட்ட கோலம்

அதே சமயத்தில் பாரிஸுக்கு கிளாட்னி என்ற ஜெர்மானியர் வந்தார். ஒரு உலோகத் தகடு. அது மேல மெல்லிசா மணலைத் தூவுவார். தகட்டின் ஓரத்தில் வயலின் வில்லை வெச்சு இழுப்பார். தகடு பாடும். மணல் குதிச்சு நகர்ந்து, அழகான கோலமா வந்து நிற்கும். வில்லை வேற இடத்தில் வெச்சு இழுத்தா வேற கோலம். தகடு அதிர்ற இடத்தில் மணல் நிற்காது, அசையாத கோடுகளில் போய்ச் சேரும். அதுதான் விஷயம். நெப்போலியனே இதைப் பார்த்து அசந்துபோனார். இந்தக் கோலங்களுக்குப் பின்னாடி இருக்கிற சமன்பாட்டைக் கண்டுபிடிக்கிறவங்களுக்குப் பரிசுன்னு அறிவிப்பு வந்தது.

பெரிய தலைகள் ஒதுங்கிட்டாங்க. இன்றைக்கு இருக்கிற கணிதக் கருவிகளே இதுக்குப் போதாதுன்னு லக்ராஞ்ச் சொன்னதாச் சொல்வாங்க. 1811ல் கெடு முடிஞ்சப்போ வந்திருந்தது ஒரே ஒரு கட்டுரை. சோஃபியோடது.

அதுல என்ன இருந்தது தெரியுமா? ஒரு அருமையான யோசனை: தகடு எவ்வளவு வளையுதோ, அதை எதிர்த்துத் திரும்ப இழுக்கிற விசை அந்த வளைவைப் பொறுத்தது. ஒரு புள்ளியில் வளைவை ரெண்டு திசையில் அளந்து கூட்டணும். அடித்தளம் சரி. ஆனா அதுல இருந்து சமன்பாட்டுக்குப் போகிற வழியில் தப்பு. கம்பிக்கு ஆய்லர் பயன்படுத்தின முறையை எடுத்து, ஒரு பரப்புக்குப் பொருத்தப் பார்த்தார். அந்தத் தாவலில் கணக்கு சறுக்கிட்டது.

நடுவர்களில் ஒருவர் அதே லக்ராஞ்ச். அவர் சோஃபியோட யோசனையை எடுத்து, சரியான வழியில் நடந்து, சரியான சமன்பாட்டை எழுதிட்டார். தகடுகள் எப்படி அதிருதுன்னு இன்றைக்குப் பொறியியல் படிக்கிறவங்க கத்துக்கிற சமன்பாடு அந்த வழியில் வந்ததுதான்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. வகுப்பில் நாலு வருஷம் உட்கார்ந்த ஒரு மாணவனுக்கு வந்திருக்கக்கூடிய யோசனை இல்லை அது; அதனாலதான் வேற யாரும் கட்டுரையே அனுப்பலை. ஆனா சறுக்கின இடம், நல்ல வாத்தியார் ஒருத்தர் ஒரு மத்தியானத்தில் சரி பண்ணிக் கொடுத்திருக்கக்கூடிய இடம். கஷ்டமானதை அவர் தனியாச் செய்துட்டார். யாராவது ஒருத்தர் எட்டிப் பார்த்திருந்தாப் போதும்கிற இடத்தில் மாட்டிக்கிட்டார்.

கெடு நீட்டிச்சாங்க. 1813ல் ரெண்டாவது கட்டுரை. சமன்பாடு சரி, அதுக்குச் சொன்ன நிரூபணம் போதலை. சிறப்புக் குறிப்பு மட்டும் கிடைச்சது. இந்த இடைவெளியில் கழகத்துக்குள் புவாசான் உறுப்பினர் ஆகியிருந்தார். அவரும் இதே பிரச்சினையில் வேலை செய்றவர். 1814ல் தன்னோட கட்டுரையைக் கழகத்துலயே வாசிச்சார். அவர் அரங்கத்துக்கு உள்ளே, சோஃபி வெளியே.

மூணாவது தடவை பரிசு சோஃபிக்கு. அப்பவும் நடுவர்கள் முழுத் திருப்தி இல்லாமத்தான் கொடுத்தாங்க. 1816 ஜனவரி 8 அன்றைக்கு அவர் ஏன் வரலைன்னு இப்போ நீங்களே யோசிச்சுக்கலாம். தப்பு இருக்குன்னு சொல்வாங்க, ஆனா உட்கார்ந்து பேச மாட்டாங்க. அந்த மாதிரி ஒரு மேடைக்குப் போய் என்ன பண்றது? 1821ல் தன்னோட ஆய்வைச் சொந்தச் செலவில் அச்சடிச்சு வெளியிட்டார்.

200 வருஷம் யாரும் படிக்காத திட்டம்

இப்போ அவரோட பெரிய கனவுக்கு வருவோம்.

3இன் வர்க்கம் 9, 4இன் வர்க்கம் 16, கூட்டினா 25, அதாவது 5இன் வர்க்கம். இது பள்ளிக்கூடத்துலயே தெரியும். இதே மாதிரி கனங்களுக்கு, நாலாம் அடுக்குக்கு, அஞ்சாம் அடுக்குக்கு முழு எண்கள் கிடைக்குமா? ஒருபோதும் கிடைக்காதுன்னு 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்னார். நிரூபணம் கொடுக்கலை. இதுதான் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம். நாலாம் அடுக்குக்கு ஃபெர்மாவே வழி காட்டினார், கனத்துக்கு ஆய்லர். ஒவ்வொரு அடுக்கா, ஒவ்வொருத்தரா. அடுக்குகளுக்கோ முடிவே கிடையாது.

சோஃபி ஒவ்வொண்ணாப் போகலை. எல்லாத்தையும் ஒரே வீச்சில் பிடிக்கப் பார்த்தார். அந்த வழி எவ்வளவு அழகுன்னு ஒரு சின்ன உதாரணத்தில் காட்டறேன். பேப்பர் இருந்தா எடுத்துக்கோங்க.

அஞ்சாம் அடுக்கை எடுத்துப்போம். எந்த எண்ணோட அஞ்சாம் அடுக்கையும் 11ஆல் வகுத்தா மீதி 0, 1, 10, இந்த மூணில் ஒண்ணுதான் வரும். 2இன் அஞ்சாம் அடுக்கு 32, மீதி 10. 3இன் அஞ்சாம் அடுக்கு 243, மீதி 1. வேற மீதியே வராது. இப்போ ரெண்டு அஞ்சாம் அடுக்குகளைக் கூட்டி இன்னொரு அஞ்சாம் அடுக்கு வரணும்னு வெச்சுப்போம். எந்த மீதியும் 0 இல்லைன்னா, 1உம் 1உம் சேர்ந்தா 2. 10உம் 10உம் சேர்ந்தா 20, மீதி 9. 1உம் 10உம் சேர்ந்தா மீதி 0. எதுலயும் 1 அல்லது 10 வரலை. ஆகவே மூணு எண்களில் ஒண்ணையாவது 11 மீதியில்லாம வகுத்தே ஆகணும்.

சரி, 11 மாதிரி இன்னொரு பகா எண் கிடைச்சா? அதுவும் மூணில் ஒண்ணை வகுக்கணும். அந்த மாதிரி பகா எண்கள் முடிவில்லாமக் கிடைச்சா? முடிவில்லாத பகா எண்களால் வகுபடற எண்ணே கிடையாது. அப்போ அந்த மூணு எண்களும் இருக்கவே முடியாது. ஃபெர்மா சொன்னது சரி! இதுதான் சோஃபியோட திட்டம். 1819 மே மாதம் இதை விளக்கி, பல வருஷம் கழிச்சு மறுபடியும் காஸுக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்ததுக்குத் தடயம் இல்லை.

திட்டம் அப்படியே பலிக்கலை. கனத்தை எடுத்துக்கிட்டா, இந்த வேலைக்கு உதவற பகா எண்கள் 7, 13 ரெண்டே ரெண்டுதான். இதை யார் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? சோஃபியேதான். லெஜாண்டருக்கு எழுதின ஒரு கடிதத்தில் அவரே நிரூபிச்சுக் காட்டியிருக்கார். திருத்த ஆள் இல்லைன்னதும் தன்னைத்தானே திருத்திக்கிட்டார்.

ஆனா திட்டத்தில் இருந்து உறுதியான ஒரு பலன் கிடைச்சது. 5 ஒரு பகா எண். அதை இரட்டிச்சு ஒண்ணு கூட்டினா 11, அதுவும் பகா எண். 11க்கு 23. இப்படி ஜோடி கிடைக்கிற எண்களுக்கு இன்றைக்குப் பெயரே "சோஃபி ஜெர்மைன் பகா எண்கள்". அப்படிப்பட்ட ஒற்றை எண் அடுக்கா இருந்தா, ஃபெர்மாவின் மூணு எண்களில் ஒண்ணை அந்த அடுக்கே வகுத்தாகணும்னு நிரூபிச்சார். இதே முறையை விரிச்சு 100க்குள் இருக்கிற எல்லா ஒற்றைப் பகா அடுக்குக்கும் அதைக் காட்டினார். ஒரே வீச்சில் இத்தனை அடுக்குகளைத் தொட்டவர் அவருக்கு முன்னாடி யாரும் இல்லை. கடைசியில் ஆண்ட்ரூ வைல்ஸின் முழு நிரூபணம் 1995ல்தான் அச்சில் வந்தது.

சோஃபியோட இந்தத் தேற்றம் உலகத்துக்குத் தெரிஞ்சது எப்படி? லெஜாண்டர் 1820களில் எழுதின ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில். கிட்டத்தட்ட 200 வருஷம் எண் கோட்பாட்டில் அவர் பங்கு அந்த ஒரு அடிக்குறிப்புதான்னு எல்லாரும் நினைச்சாங்க. அவர் கைப்பட எழுதின தாள்கள் நூலகத்தில் பத்திரமா இருந்தது. கணக்கு தெரிஞ்சவங்க யாரும் உட்கார்ந்து படிக்கலை. லாபன்பாக்கர், பெங்கெல்லி என்ற ரெண்டு கணிதவியலாளர்கள் அதையெல்லாம் படிச்சு 2010ல் விரிவா எழுதினாங்க. அப்புறம்தான் அந்த முழுத் திட்டத்தின் அளவு தெரிஞ்சது. லெஜாண்டரோடதுன்னு நினைச்ச சில முறைகளை அவர் தானாகவே கண்டுபிடிச்சு வெச்சிருந்ததும் தெரிஞ்சது.

கடைசிக் காகிதம்

1820களில் ஃபூரியே கழகத்தின் செயலாளர் ஆன பிறகு, சோஃபி கூட்டங்களுக்கு வந்து உட்கார அனுமதி கிடைச்சது. உறுப்பினரின் மனைவி என்ற அடையாளம் இல்லாம அங்கே உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். வயசு நாற்பதைத் தாண்டிடுச்சு. 1829ல் மார்பகப் புற்றுநோய். வலியோட எழுதிக்கிட்டே இருந்தார். 1831 ஜூன் 27 அன்றைக்கு, 55 வயசில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் எழுதினது, சொத்து வருமானத்தில் வாழ்பவர் அப்படின்னு. கணிதவியலாளர்னு எழுதலை.

1889ல் ஐஃபில் கோபுரம் கட்டினப்போ, பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர்கள், பொறியாளர்கள் 72 பேர் பெயரை அதுல பொறிச்சாங்க. லக்ராஞ்ச் இருக்கார், லெஜாண்டர் இருக்கார், புவாசான் இருக்கார், ஃபூரியே இருக்கார். 72இல் பெண் ஒருத்தர்கூட இல்லை.

இதைக் கேட்டா கோபம் வரும், வரணும். ஆனா பெயர் விட்டுப்போனதை எப்போ வேணும்னாலும் சேர்த்துடலாம். பாரிஸில் அவர் இறந்த வீட்டில் இன்றைக்குப் பலகை இருக்கு, அதுல கணிதவியலாளர்னு எழுதியிருக்கு. 2003ல் இருந்து அவர் பெயரில் கணிதப் பரிசும் கொடுக்கறாங்க. சேர்க்க முடியாதது வேற ஒண்ணு. 1808ல் இருந்து வராமப் போன அந்தக் கடிதங்கள். அதுல இருந்திருக்கக்கூடிய திருத்தங்கள். அந்தத் திருத்தங்களுக்கு அப்புறம் அவர் கண்டுபிடிச்சிருக்கக்கூடிய கணக்கு. அது அவருக்கு மட்டும் நஷ்டம் இல்லை, நமக்கும்தான்.

உங்க நோட்டையோ கோடையோ யாராவது எட்டிப் பார்த்து, "இந்த வரி தப்பா இருக்கே"ன்னு சொன்னா அடுத்த தடவை கொஞ்சம் எரிச்சல் வரும், எனக்கும் வரும். அப்போ 15, 8ன்னு ரெண்டு எண்களை ஞாபகம் வெச்சுக்கோங்க. சோஃபி ஜெர்மைனுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. அடுத்ததுக்காக அவர் ரொம்ப காலம் காத்திருந்தார்.